விலையில்லாத கல்லுக்கு ஒரு தேத்தண்ணி

கூரை திருத்தக் காசு வேண்டும். பெரியம்மா எனக்கு விட்டுப்போன சிவப்புக்கல் அட்டியலை இன்று யாழ்ப்பாணத்து நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

முதலாளி அதைப் பார்த்ததும் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

“பழைய மொடல் அக்கா, இப்ப ஒருத்தரும் போடுறேல்லை. கல்லெல்லாம் வெறும் கண்ணாடி, விலையில்லை. பவுணுக்கு மட்டும்தான் காசு தரலாம்.”

“ஓம் தம்பி. அப்ப அந்தக் கண்ணாடியளைக் கழட்டி என்னட்டைத் தாங்கோ.”

முதலாளி அட்டியலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“உதுகளை வைச்சு என்ன செய்யப்போறியள் அக்கா?”

“சும்மா, பிள்ளையள் விளையாட.”

உடனே எனக்குத் தேத்தண்ணி வந்தது. மின்விசிறியும் என் பக்கம் திரும்பியது.

“முழுசாய்த் தாங்கோ அக்கா, கல்லுக்கும் ஏதும் பார்த்துப் போடுவம்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அட்டியலோடு வீடு வந்துவிட்டேன்.

கண்ணாடிக்கே இந்த உபசாரம். மாணிக்கம் என்று ஒப்புக்கொள்ளும் கடை தெரிந்தால் சொல்லுங்கள், நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போகிறேன்.