மாமனாரின் கம்ப்யூட்டருக்கு விடுதலை கிடைத்த மதியம்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு ஓர் அறிவிப்பு. சென்ற மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பகல் சரியாக இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெருமுதலாளிகளின் அடிமைத்தளையை உதறிவிட்டு, சுதந்திர மென்பொருள் உலகில் அடியெடுத்து வைத்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த விழாவில் கலந்துகொண்டவர்: நான் ஒருவன். அழைக்காமல் வந்தவர்: என் மாமனார்.

மாமனார் செத்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். யாராவது பேய்க் கதையை ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்க்கிற ஆள்தான் நானும். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. நிமிடத்தைக்கூட மாற்றாமல் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் மாமனாருடையது. முப்பத்தோரு வருடம் ஹோட்டல் சமையலறைகளில் சோதனை போட்ட சுகாதார ஆய்வாளர். ஓய்வு பெற்றபின் எங்களோடு வந்து தங்கினார். சோதனை போட வேறு ஆள் கிடைக்காமல் என்னைச் சோதித்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் குற்றம். குழாயை இறுக்கி மூடாவிட்டால் குற்றம். வாய் திறந்து திட்ட மாட்டார். தொண்டையை இரண்டு தடவை கனைப்பார். குற்றப்பத்திரிகை தயார் என்று அர்த்தம்.

அவர் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால், 'என் குரல்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே வரிசையாக எண் போட்ட ஒலிப்பதிவுகள். மனைவிக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"கொஞ்ச நாள் போகட்டும்ங்க. அப்பான்னு எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

அவள் வெளியே போயிருந்தபோது நான் ஒன்றைத் திறந்தேன். சோதனை அறிக்கை எழுதுகிற அதே தோரணை. "பதினொன்றாம் தேதி. காலை ஏழு நாற்பது. பல் துலக்கும்போது மாப்பிள்ளை தண்ணீரை நிறுத்தவில்லை..." மூடிவிட்டேன். உயிரோடு இருந்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. பழைய சிஸ்டம் திறக்கவே ஒன்பது நிமிடம் எடுத்தது. காசு கொடுத்துப் புதுப்பி என்று தினமும் மிரட்டியது. லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போடு, இலவசம், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று எங்கோ படித்தேன். ஒரே வாரத்தில் புரட்சியாளன் ஆகிவிட்டேன். ஆபீஸ் கேன்டீனில் மென்பொருள் சுதந்திரம் பற்றி நாற்பது நிமிடம் முழங்கினேன். "தலைவா, முடிஞ்சுதுன்னா அந்தத் தண்ணி ஜக்கை இப்படித் தள்ளு" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

2:10. லினக்ஸை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் செருகினேன். வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். மாமனாரின் ஃபோல்டரைக் காப்பி எடுக்க இன்னொன்று வாங்க வேண்டும். கடை தெருமுனையில்தான். போகவில்லை. சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோம்பல் இல்லை.

2:19. எந்த மொழி என்று கேட்டது. தமிழ் என்று கொடுத்தேன். நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. அடுத்து, கீபோர்டைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி. இங்கே எதையாவது டைப் செய்து பாருங்கள் என்றது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஏங்க, அப்பா குரலைக் காப்பி எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

பெட்டியில் ஓர் எழுத்து விழுந்தது. இ.

கொஞ்சம் இடைவெளி... ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளி. ல்.

இன்னும் கொஞ்சம்... லை.

ஏதோ கீ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்தேன். பல கீகள், சரியான வரிசையில், எழுத்துப் பிழை இல்லாமல் மாட்டிக்கொண்டன. படித்தவன் அப்படித்தான் முடிவு செய்வான். அழித்துவிட்டு மேலே போனேன்.

2:31. 'டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' அம்புக்குறி தானாகவே 'வேண்டாம்' பக்கம் நகர்ந்தது. இழுத்து வந்தேன். மறுபடி நகர்ந்தது. மௌஸ் கனத்தது... என் கைமேல் இன்னொரு கை இருப்பதுபோல.

"போதும் மாமா" என்றேன். வாய்விட்டே சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

அழுத்தினேன்.

2:40. திரையில் நீலப் பட்டை பாதியைத் தாண்டியது. மருந்து சோப்பு வாசனை வந்தது. மாமனார் ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுவாரே, அந்த சோப்பு. மீதியிருந்ததை எல்லாம் நானே குப்பையில் போட்டிருந்தேன்.

2:47. ஸ்பீக்கரில் தொண்டைக் கனைப்பு.

இன்னொன்று.

ஸ்பீக்கர் வயரைப் பார்த்தேன். பிடுங்கிய வாக்கில் மேசைமேல் கிடந்தது.

"பதினேழாம் தேதி. மதியம் இரண்டு நாற்பத்தேழு."

அன்று பதினேழாம் தேதிதான்.

"மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் மகளிடம் பொய் சொல்லியிருக்கிறார். தடுத்தும் அழித்திருக்கிறார்..."

எழப் பார்த்தேன். தோள் எழவில்லை.

"எழப் பார்க்கிறார்."

மூச்சைப் பிடித்தேன்.

"மூச்சைப் பிடிக்கிறார்."

திரும்பக் கூடாது... திரும்பக் கூடாது...

"திரும்பப் போகிறார்."

குரல் இப்போது ஸ்பீக்கரில் இல்லை.

என் காதில்.

திரும்பினேன்.

வாசலில் மனைவி. ஈரக் கை. கண் முழுக்கத் தண்ணீர். முகத்தில் நான்கு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

"அப்பாதானே? காப்பி எடுத்ததைப் போட்டுப் பாத்தீங்களா? என்ன பேசறார்னு புரியலை. ஆனா சமையலறை வரைக்கும் கேட்டுச்சுங்க."

மேசைமேல் கிடந்த வயரைக் கைக்குள் மறைத்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க."

அன்று மதியம் கேட்டதிலேயே என்னை அதிகம் நடுங்க வைத்தது அந்த ஒரு வரிதான். உண்மையைச் சொல்லிவிட்டேன். காப்பி இல்லை. இப்போது ஃபோல்டரும் இல்லை.

சிரிப்பு மெல்ல இறங்கியது.

"மறந்துட்டீங்களா... வேணும்னே செஞ்சீங்களா?"

"வேணும்னேதான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"டிஸ்க்கைக் கழட்டுங்க."

அழிந்துபோன ஃபைல்களை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேலேயே புது சிஸ்டத்தை எழுதிட்டீங்களே சார். அஞ்சு பத்து தேறினாலே பெரிசு." பன்னிரண்டு நாள், அந்த வீட்டில் என்னோடு பேசியது டிவி மட்டும்தான். பதின்மூன்றாம் நாள் கடைக்காரர் பென் டிரைவை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாம் வந்துடுச்சு சார். ஒரு கீறல்கூட இல்லை. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க."

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். ஒரு மணி நேரம் ஆனது. கழற்றினாள்.

"என் கண்ணாடி முகத்துக்கு எடுப்பா இருக்காம். அப்பா சொல்றார்."

அவள் முதன்முதலாகக் கண்ணாடி போட்டதே அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்புதான்.

அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஒலிப்பதிவின் பக்கத்திலும் அது பதிவான தேதி. ஒரு நாளைக்கு ஒன்று, நாள் தவறாமல். முதன்முதல் பதிவு, மாமனாரின் இறுதிச் சடங்கு முடிந்து நாங்கள் வீடு திரும்பிய அன்று, மாலை ஆறு ஐந்து. அவர் உயிரோடு இருந்தபோது பதிவானது ஒன்றுகூட இல்லை.

மற்றபடி லினக்ஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. பிரின்டர் மட்டும் வேலை செய்யவில்லை.