ஆறு மணிக் கச்சேரிக்கு நாலு மணிக் கூட்டம்

தேவாலய வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குதி உயர்ந்த சப்பாத்து, நடந்தால் மின்னுகிற குழந்தைச் சப்பாத்து, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத புதுத் தோல் சப்பாத்து எல்லாம் கலந்து படிக்கட்டு வரை இறங்கியிருந்தன. உள்ளே உட்காருகிற வாங்கு நிறையப் பட்டுச் சேலைகள். நேரம் மாலை நாலு. கச்சேரி ஆறு மணிக்கு. பாட வேண்டிய அமெரிக்கப் பிள்ளைகளோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மியூசியத்துக்குள் ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் போனை அணைத்துவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது நான்தான்.

"கலை படிச்சா என்ன வேலை கிடைக்கும் அன்ரி?" என்று இப்போது இளையவர்கள் கேட்கிறார்கள். இந்த மாதிரி வேலைதான் கிடைக்கும். நடந்ததை எழுதுகிறேன்.

1. என் வேலை

நான் பாரிஸில் கலை வரலாறு படித்தேன். அம்மா அதைச் சொந்தக்காரரிடம் "ஏதோ கொம்பியூட்டர்" என்று சொல்லிச் சமாளித்துவந்தார். படிப்பு முடிந்து அங்கே இங்கே அலைந்து கடைசியில் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாரிஸ் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். பல்கலைக்கழகம் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். சோளத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன லுத்தரன் பல்கலைக்கழகம். ஒவ்வொரு செமெஸ்டரும் இலக்கியம், இசை, தத்துவம், ஓவியம் படிக்கிற கொஞ்சப் பிள்ளைகளை இங்கே அனுப்பும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு லுத்தரன் தேவாலயம் தன் மேல்மாடி அறையை எங்களுக்குத் தந்திருந்தது. அதுதான் அலுவலகம், நான்தான் முழு ஊழியர் படை.

அறை தேடுவது, மியூசியத்துக்கு ரிசர்வாசியோன் எடுப்பது, விசாவுக்காகப் பிரெபெக்தூரில் வரிசையில் நிற்பது, பல்லுக்குத்து வந்தவரை டொக்டரிடம் கூட்டிப்போவது, வீட்டு நினைவில் அழுகிறவருக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது, எல்லாம் என் தலையில். எனக்கு அந்த வேலை உயிர்.

2. டீன் கேட்ட கேள்வி

2009க்குப் பிறகு வந்த அந்தப் பணமுடை வருடங்களில் பல்கலைக்கழகத்தில் எதை மூடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் டீன் இங்கிரிட் போன் எடுத்தார். நேராகப் பேசுகிற பெண்மணி.

"எங்கள் பிள்ளைகள் பாரிஸுக்கு வருகிறார்கள், ஓவியங்களைப் பார்க்கிறார்கள், தங்களுக்குள்ளேயே ஆங்கிலம் பேசிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அங்கே மனிதர் யாரையாவது சந்திக்கிறார்களா?"

நியாயமான கேள்வி. பதில் இல்லையென்றால் பாரிஸ் புரோகிராம் போய்விடும், என் வேலையும் கூடவே போய்விடும். வாய் தானாகத் திறந்தது.

"சந்திக்கிறார்களே! உள்ளூர் மக்களுக்காக எங்கள் பிள்ளைகளின் கொயர் ஒரு பாட்டுக் கச்சேரி வைக்கப்போகிறது."

"அருமை. நானும் வருகிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

உள்ளூர் மக்களுக்கு எங்கே போவது? முன்பின் தெரியாத அமெரிக்கப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்கப் பிரெஞ்சுக்காரர் வருவாரா? எனக்குத் தெரிந்த உள்ளூர் மக்கள் எங்கள் ஆட்கள்தான், ஈழத்தில் இருந்து வந்த தமிழர்.

3. ஒன்றைக் குறைத்தல்

லாச்சப்பலில் அச்சகம் வைத்திருந்தவர் சிவம் அண்ணை. பாரிஸ் புறநகரில், திரான்சியிலோ பொபினியிலோ, எங்கள் கொண்டாட்டம் எதுவென்றாலும் அழைப்பிதழ் அடிப்பவர் அவர், மேடையில் மைக் பிடிப்பவரும் அவர். விஷயத்தைச் சொன்னேன். அடித்து, தானே கடைகளில் வைத்து, மரக்கறிப் பைகளுக்குள்ளும் போட்டு அனுப்பினார். நான் அடித்ததைப் பார்க்கவில்லை.

அன்று நாலு மணிக்கு, நிறைந்து வழிந்த தேவாலயத்துக்குள் அவரை ஒரு மூலைக்கு இழுத்தேன்.

"எத்தினை மணி எண்டு போட்டனீங்கள் அண்ணை?"

"நாலு."

"நான் அஞ்செண்டெல்லோ சொன்னனான்!"

"ஓம், சொன்னனீதான். அஞ்செண்டு போட்டா எங்கடை சனம் ஆறுக்குத்தான் வரும். அதாலை ஒண்டைக் குறைச்சனான்."

"ஐயோ அண்ணை, நானும் ஒண்டைக் குறைச்சுத்தான் அஞ்செண்டு சொன்னனான்!"

முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா கையைத் தூக்கினார். "என்ன பிள்ளை, ஒருத்தரையும் காணேல்லை? வெள்ளையள் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிடுவினம் எண்டெல்லோ மனிசியை அவசரப்படுத்திக் கலைச்சுக்கொண்டு வந்தனான்!"

விளங்கியது. எங்கள் கல்யாணத்துக்குச் சாவகாசமாக வருகிற அத்தனை பேரும், வெள்ளைக்காரரின் நிகழ்ச்சி என்றவுடன் மானப் பிரச்சினையாக எடுத்து, தூரத்து ஆர்ஜொந்தெய்யில் இருந்தெல்லாம் ரயில் பிடித்து நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

4. முதலாம் பாகம்

கொயரில் ஒருத்தி மட்டும் அங்கே இருந்தாள். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியதால் மியூசியத்துக்குப் போகாமல் நின்ற ஹான்னா. லாச்சப்பல் கடைகளில் பழகி "ஓம்" என்ற ஒரு சொல்லைக் கற்றிருந்தாள்.

"ஹான்னா, இரண்டு மணித்தியாலம் இவர்களைப் பிடித்துவைக்க வேண்டும். பியானோ வாசிப்பாயா?"

"ஓம் அக்கா" என்றாள், முகம் வெளிறிப்போய்.

சிவம் அண்ணையிடம் மைக்கைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பரதநாட்டியம் பழகுகிற பிள்ளைகளை மேடைக்கு அழைத்தார். பாட்டுப் படிக்கிற பிள்ளை ஒன்று சுருதி இல்லாமல் தொடங்க, ஹான்னா பியானோவில் தட்டித் தட்டிச் சுருதியைக் கண்டுபிடித்தாள். தாய்மொழியின் பெருமை பற்றி ஒரு சிறுமி பேச்சுப்போட்டிப் பேச்சை முழங்கினாள். பாதியில் மறந்துபோக, மிச்சத்தைப் பிரெஞ்சில் பேசி முடித்தாள். பெரிய கைதட்டல்! பின்னால் தேவாலயத்தின் பிரெஞ்சுப் போதகர் தானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்குப் பயம் பாதி, சிரிப்பு பாதி.

கொயர் வர இன்னும் நேரம் இருந்தது, சனம் நெளியத் தொடங்கியது. கச்சேரி முடியக் கொடுக்க வைத்திருந்த றோல்ஸையும் வடையையும் எடுத்துவிட்டேன்.

சாப்பாடு கொடுத்தால் எங்கள் ஆட்களுக்கு விழா முடிந்தது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் மறந்தே போனேன்.

5. வாசல்

ஆறு மணிக்குக் கொயர் கறுப்பு உடுப்போடு, மியூசியத்துக்குக் கூடப் போயிருந்த டீனின் பின்னால் படியடிக்கு வந்து சேர்ந்தது. அதே நேரம் சனமெல்லாம் வாசலில் தன் தன் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தது. "நல்ல நிகழ்ச்சி பிள்ளை, அந்த வெள்ளைப் பிள்ளையும் நல்லா வாசிச்சுது. போயிட்டு வாறம்" என்று ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்தார்கள். உள்ளே போகிறவரால் போக முடியவில்லை, வெளியே வருகிறவரால் வர முடியவில்லை.

டீன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவர்கள் வருகிறார்களா, போகிறார்களா?"

"இரண்டும்" என்றேன். புரோகிராம் அந்தப் படியிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

சிவம் அண்ணை மைக் வயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஒருத்தரும் சப்பாத்துப் போடாதேங்கோ! இவ்வளவு நேரமும் பாத்தது எங்கடை பிள்ளையளின்ரை நிகழ்ச்சி. விருந்தாளியள் இனித்தான் பாடப்போகினம்!"

ஒற்றைச் சப்பாத்தைக் கையில் வைத்திருந்த ஒரு அம்மா திரும்பினார். "விருந்தாளியளோ? வந்த பிள்ளையளைப் பாட விடாமல் போறதே? இருங்கோப்பா!" என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். அவர் உட்கார, பின்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகளோடு வந்திருந்த கொயர் ஆசிரியர் நடைபாதையில் நின்றே கையை உயர்த்தினார். நாலு விதக் குரலும் ஒன்றாக எழுந்தன. ஹான்னா தடிமனோடு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். மின்னுகிற சப்பாத்துக் குழந்தைகூடச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில்தான். டீன் படியில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா கைப்பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிவைத்த ஒரு றோல்ஸை எடுத்து அவர் கையில் வைத்தார். "சாப்பிடுங்கோ, அங்கையிருந்து வந்த களைப்பு."

6. பிறகு

அடுத்த நாள் அலுவலகத்தில் டீன் கேட்டார்: "முதலில் ஊர்ப் பிள்ளைகள், பிறகு வாசலில் எங்கள் பிள்ளைகள். எத்தனை மாதம் திட்டமிட்டீர்கள்?" உள்ளதைச் சொன்னேன். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் குறைத்த கதையைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். புரோகிராம் தப்பியது. அடுத்த செமெஸ்டரில் இருந்து பிள்ளைகள் திரான்சியிலும் பொபினியிலும் எங்கள் ஆட்களின் வீடுகளில் தங்கினார்கள்.

அடுத்த வருடமும் டீன் வந்தார். இந்த முறை நானே அச்சகத்தில் நின்று ஆறு என்றால் ஆறு என்று போடுவித்தேன். ஆறு மணிக்குக் கொயர் தயார். தேவாலயம் வெறுமை. டீனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் பதறுறாய்? வருவினம். போன முறை வெள்ளையளின்ரை நிகழ்ச்சியெண்டு விழுந்தடிச்சு ஓடி வந்ததுகள். இப்ப இது எங்கடை நிகழ்ச்சியெல்லோ!"

அதை அப்படியே டீனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் "அப்படியென்றால் காத்திருப்போம்" என்று முன் வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

எல்லோரும் வந்துசேர ஏழரை ஆனது. என் தொழிலில் நான் கற்றது இதுதான்: அந்நியர் வீட்டுக்குத்தான் மனிதர் நேரத்துக்குப் போவார்கள். எங்கள் சனம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, சிரித்துக்கொண்டு வந்து நுழைந்தபோதுதான் என் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.