கரையில் ஸ்டாண்டு போடக் கூடாது

என் இடது கை மாடுகளுக்காக வளர்ந்த கை. அரசு கால்நடை மருந்தகத்தில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். சினை பார்ப்பது, கன்று திருப்புவது எல்லாம் அந்தக் கைதான். வலது கை ஊசி போடுவதற்கும் கையெழுத்துக்கும். இடது தோள் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வருஷக்கணக்காகிறது. இந்த லட்சணத்தில்தான் ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் அலைய வேண்டி வந்தது.

லென்ஸ் என் கணவருடையது. பதினாறு வருடம் மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதியவர், ஒரேயடியாக நீடாமங்கலம் திரும்பியபோது கொண்டுவந்தது. எங்கள் பக்கம் வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டியில் என்ன இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். கோடாலித் தைலம், பால் பவுடர், சென்ட், முடிந்தால் கொஞ்சம் நகை. இவர் பெட்டியில் பனியன்களுக்கும் லுங்கிகளுக்கும் நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் குழல். "இதுல பாத்தா எட்டத்துல நிக்கிற நாரையோட கண்ணு தெரியும்" என்றார். பதினாறு வருடம் எட்டத்தில் நின்றவள் நான். அந்தக் கோபம் அடங்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதன் பிறகு இரண்டு வருடம் அவர் கோரையாற்றுக் கரையே கதி என்று கிடந்தார். காலையில் போவார், வெயில் ஏறியதும் வருவார், சாப்பிட்டபடியே படங்களைக் காட்டுவார். நான் பாதி பார்ப்பேன், பாதி தூங்குவேன். அவருக்கு அகப்படாதது நீர்நாய் ஒன்றுதான். ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டதாம். கேமராவைத் தூக்குவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டேன் என்பது எனக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கும்தான் தெரியும்.

பிறகு ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம், லேசானது என்றார்கள். லேசானது என்று சொன்னவர்கள் யாரும் அவரைக் குளியலறைக்குத் தூக்கிப் போகவில்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்குச் சில நாள் வருத்தமும் உண்டு. இடது கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இடது கைதான் வரவில்லை. டம்ளரைப் பிடிக்கும், பிடித்ததை மறந்துவிடும். கேமராவில் பொத்தான் இருப்பது வலப்பக்கம். கனத்தையெல்லாம் தாங்க வேண்டியது இடது கை.

பிசியோதெரபிஸ்ட் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், விட்டால் அந்தக் கால் நடையை மறந்துவிடும். இவரோ தெருமுனைவரைகூட நடக்க மாட்டேன் என்றார். பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று விசாரிக்கிறார்களாம். ஆற்றங்கரை என்றால் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே தஞ்சாவூருக்குப் போய், கடைக்காரர் காட்டியதில் கனமான ஒரு முக்காலி ஸ்டாண்டு வாங்கி வந்தேன்.

மாசி மாதம். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சை விட்டிருந்தது. காரைக் கரையடியில் நிறுத்திவிட்டு, இவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போய், வயலோரமாக ஸ்டாண்டை விரித்து, மேலே லென்ஸை மாட்டினேன். இவர் வலது கையால் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் வயலுக்குள்ளிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி.

"எந்த ஆபீசுலேர்ந்து வர்றீங்க?"

"ஆபீசெல்லாம் இல்லீங்க. பறவை படம் எடுக்க வந்தோம்" என்றார் இவர்.

"போன தடவை இதே மாதிரி முக்காலியோட வந்தவங்களும் சும்மா பாக்க வந்தோம்னுதான் சொன்னாங்க. அப்புறம் பாத்தா எங்க சர்வே நம்பரெல்லாம் நெலம் எடுக்குற நோட்டீசுல வருது. மொதல்ல அதக் கழட்டுங்க."

அவர்களில் வயதானவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். "அட, நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மால்ல!" அவருடைய செவலைப் பசுவுக்கு நஞ்சுக்கொடி எடுத்தவள் நான். உடனே எல்லார் குரலும் இறங்கிவிட்டது. மண்வெட்டியும் தரைக்கு வந்தது. ஆனால் ஸ்டாண்டு விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நீங்களும் சாரும் எவ்ளோ நேரம் வேணாலும் நில்லுங்க. இந்த ஸ்டாண்டு மட்டும் வேணாம். இது ஒண்ணு நின்னுச்சுன்னா ஊரே கூடிப்புடும். எத்தன பேருக்குன்னு நாங்க வெளக்கம் சொல்றது?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் அப்பாவின் வயலிலும் யாரோ அளந்து ஒரு கல் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ரோடும் வரவில்லை, குழாயும் வரவில்லை. ஆனாலும் அப்பா கடைசிவரை அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்தேதான் உழுதார். ஸ்டாண்டை மடக்கிக் காரில் போட்டேன். ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்று இருக்கிறதே என்று பிறகு யாரோ சொல்ல, அதையும் வரவழைத்துப் பார்த்தோம். அது அசல் நிலம் அளக்கிற கோல் மாதிரியே இருந்தது. பிரித்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார், "லென்ஸ வித்துடு." சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். மூன்று வாரம் அந்த நாற்காலி அவரை விடவில்லை. கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் மருந்தகம், மாலையில் வீடு வீடாக மாடு, நடுவில் இவருக்குக் குளியல், சவரம், மாத்திரை. இந்த ஓட்டம் இனி ஆயுள் முழுக்க என்று அந்த நாற்காலி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"நான் தூக்குறேன். எங்க பாக்கணும், எப்ப அமுக்கணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றேன். ஆசையாகச் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

முதலில் தூக்கியபோது என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. கேமராவோடு சேர்த்து மூன்று கிலோ. பிறந்த வெள்ளாட்டுக் குட்டியின் கனம்தான். ஆனால் ஆட்டுக்குட்டி தூக்கினால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இது எந்நேரமும் மூக்கை முன்னால் நீட்டி ஓடப் பார்த்தது. முதல் வாரம் நான் எடுத்ததெல்லாம் வானம், நாணல், ஒரு மின்கம்பம். வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற கொக்கு, லென்ஸ் வழியாகப் பார்த்தால் உலகத்திலேயே இல்லை.

"எடப் பக்கம் போ. இன்னும் கொஞ்சம். நாணல் தெரியுதா?"

"எல்லாமே நாணலாத்தான் தெரியுது."

"மொதல்ல சூமைக் கொறச்சுக்க. கொக்கப் புடிச்சதுக்கு அப்புறம் கிட்ட இழு. உன் அவசரம் இருக்கே!"

"அவசரமா? கை கழண்டு விழப்போவுது, அதான்."

இப்படிக் கரை முழுக்கச் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே அவர் நடந்தார். அதைக் கவனித்ததும் நான் சண்டையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

லென்ஸ் எனக்குப் பழகியதற்கு மாடுகளைத்தான் சொல்ல வேண்டும். கை உள்ளே இருக்கும்போது மாடு முக்கும். அப்போது கையை விறைத்து எதிர்த்தால் மாடு ஜெயிக்கும், தோள் போகும். முக்குகிற நேரம் கையைத் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும். அது தளர்கிற நேரத்தில்தான் நம் வேலையைப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த வருடமே கற்றுக்கொண்டது. ஆனால் லென்ஸை மட்டும் இறுக்கிப் பிடித்து அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் அலுத்துப்போய் முழங்கையை விலாவில் சாய்த்து, கனத்தை உள்ளங்கையில் சும்மா உட்காரவிட்டேன். மூச்சை வெளியே விட்டேன். ஆட்டம் நின்றது. காத்திருக்கிற நேரமெல்லாம் லென்ஸ் மடியில் இருக்க வேண்டும், பறவை வந்தால்தான் தூக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் புத்தியில் ஏறியது. அதற்கு முன் நான் எதுவும் வராத ஆற்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி பாதியில் எனக்கு ஒரு கறுப்பு வெள்ளை மீன்கொத்தி அகப்பட்டது. ஆற்றுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழே குத்திப் பார்க்கிற நேரம். அதன் கண்ணில் பட்ட வெயில்கூடத் துல்லியமாக விழுந்திருந்தது. என்னை மறந்து கத்திவிட்டேன். இவர் திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷார்ப்பா இருக்கு" என்றார். பிறகு கோபமே இல்லாமல், "நான் எதுக்கு இனிமே? நீ மட்டும் வந்தாலே போதுமே" என்றார்.

அன்று திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவரை நடக்க வைக்க நான் தூக்கிய லென்ஸ், அவருக்கென்று மிச்சமிருந்த ஒன்றையும் என் கைக்கு மாற்றிவிட்டது. மறுநாள் காலையில் கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படியே.

ஒரு வாரம் கழித்து, விடிவதற்கு முன்பே ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் எருமைக்காகக் கூப்பிட்டார்கள். கன்றுக்குக் கழுத்து மடங்கியிருந்தது. தலையைத் திருப்பி வெளியே எடுப்பதற்குள் என் இடது கை எனக்குச் சொந்தமில்லாததாகிவிட்டது. கன்று பிழைத்தது. வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்று வண்டியை நிறுத்தினால், இவர் சட்டை போட்டுக்கொண்டு, கேமரா பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். சட்டையில் பொத்தான் ஒன்று தள்ளி மாட்டியிருந்தது.

"அந்தச் செவலப் பசுக்காரர் போன் பண்ணாரு. மூணு நாளா மடுவுல நீர்நாய் வருதாம். இப்பவும் அங்கதான் இருக்காம். போலாமா?"

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தானாகப் போட்ட சட்டை அது.

ஆறு வற்றி, வளைவில் ஒரு மடு மட்டும் தேங்கியிருந்தது. அதில் மூன்று தலைகள். எண்ணெய் தேய்த்தது போல மினுமினுவென்று முங்கி எழுந்துகொண்டிருந்தன. நான் லென்ஸைத் தூக்கினேன். கை வெடவெடவென்று ஆடியது. விலாவில் சாய்த்தேன், மூச்சை விட்டேன், எதுவும் உதவவில்லை. நீர்நாய், மணல், வானம் எல்லாம் ஒன்றாக ஓடின.

"அமுக்கு, அமுக்கு, என்ன பண்ற?" என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்தார்.

"முடியலைங்க." அழுகை வந்துவிட்டது. நீர்நாய்க்காக இல்லை. மாடு, லென்ஸ், இவர் என்று தூக்கித் தூக்கி எனக்கு அலுத்துவிட்டது. "என்னால இதுக்கு மேல தூக்க முடியல. நீங்களே எடுங்க. தோள்ல வச்சுக்குங்க."

கரைச் சரிவில் ஓரடி கீழே இறங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி அவருக்கு நேராக நின்றேன். வலது கையால் அவர் இடது முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு லென்ஸை என் வலது தோளில் இறக்கினார்.

"நவுராத."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

நீர்நாயை நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அவர் முகம். ஒரு கண் கேமராவுக்குப் பின்னால், ஒரு கண் இறுக்கி மூடியிருந்தது. தாடையில் முந்தின நாள் சவரத்தில் நான் விட்டுவிட்ட நரைத்த மயிர். லேசாக இறங்கிய இடது உதடு. காதருகே ஷட்டர் அடிக்க அடிக்க, அவர் வாய் தானாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மீனப் புடிச்சிருச்சு. கெளுத்தி மாரி இருக்கு. தலையிலேர்ந்து திங்குது. சின்னது ஒண்ணு வந்து கேக்குது, குடுக்க மாட்டேங்குது. ஆ, புடுங்கிட்டுப் போயிருச்சு!"

எருமை முக்கும்போது நிற்பது போல நின்றேன். கால் இரண்டையும் பரப்பி, உடம்பைத் தளர்த்தி, அவர் மூச்சு விடும்போது நானும் விட்டேன். என் கையிலிருந்த அவர் முழங்கை நடுங்கவில்லை.

பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. செவலைப் பசுக்காரர் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, எங்கள் கோலத்தைப் பார்த்தார். "என்ன சார், இன்னிக்கு ஸ்டாண்டு கொண்டாரலையா?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

இவர் கண்ணை எடுக்காமலே சொன்னார், "கொண்டாந்துருக்கேனே. இத ஒங்களால கழட்ட முடியாது."

பசுக்காரர் மூக்கால் சிரித்தார். எனக்குச் சொல்லப் பதில் இருந்தது. பதினாறு வருடத்துக்கும் சேர்த்தே இருந்தது. ஆனால் ஷட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பேசினால் தோள் அசையும்.