கடைசிப் பத்தியில் இருந்த எலி

எந்தச் செய்தியையும் முதல் இரண்டு பத்திக்கு மேல் வாசிக்கிற பொறுமை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாண அழைப்பிதழில் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பந்தியில் அடைப்பிரதமன் பாயசம் வரை உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். பெண்ணின் அப்பா வந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்படிப்பட்டவன் கையில் ஒரு மருத்துவச் செய்தி கிடைத்தால் என்ன ஆகும் என்பதை, அத்தான் ஈரலில் புற்றுக்கட்டியோடு படுத்திருந்த காலத்தில் ஊருக்கு நிரூபித்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். கொட்டாரம் ஊரில் பத்திரம் எழுதுகிறவர். நான்கு எல்லையையும் சரிபார்த்து, கடைசி வரிக்குக் கீழே உள்ள வெற்றிடத்தையும் ஒருமுறை முறைத்துப் பார்த்த பிறகுதான் காகிதத்தைக் கீழே வைப்பார். பற்பசை அட்டையின் பின்பக்கத்தைக்கூட முழுக்க வாசிப்பார். நாக்கும் அவ்வளவு கூர்மை. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்துகளுக்கு நோய் கேட்காமல், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போன நான் ஆப்பிள் பையை நீட்டினேன். நோய் எனக்கா ஆப்பிளுக்கா, ரெண்டும் ஒண்ணுபோல வதங்கியிருக்கே என்றார்.

அந்த வாரம்தான் கருங்கல் ஊரில் என் துணிக்கடையில் இருந்தபடி போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத குமிழிகளோடு மரபணுவைச் சேர்த்து ரத்தத்தில் ஏற்றுவார்களாம். கட்டிக்கு மேலே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து ஒலியைச் செலுத்தினால் குமிழிகள் அங்கே மட்டும் வெடிக்குமாம். புற்றுச் செல்லின் சவ்வில் நொடிநேரம் ஒரு துளை விழும். அதன் வழியே மரபணு உள்ளே நுழைந்து, செத்துப்போ என்று செல்லுக்கு உத்தரவு போடும். இரண்டு பத்தி முடிந்தது. அத்தானுக்கும் அக்காவுக்கும் அனுப்பிவிட்டு, செய்தியின் பின்னாலேயே பைக்கில் நானும் போய்ச் சேர்ந்தேன். பூட்டின வீட்டுக்குள் ஓட்டைப் பிரித்து கோர்ட்டு அமீனா குதிக்கிற மாதிரி என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அந்த விஞ்ஞானிகளுக்கு எழுதி அத்தான் பெயரைச் சேர்க்கிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். அக்கா சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அத்தான் தன் போனில் பாட்டை வைத்து வயிற்றின் மேல் நிறுத்தி, மாப்பிள்ளை வைத்தியம் தொடங்கியாச்சு, செல்லுக்குள்ளே சத்தம் போகுது என்றார். பல நாட்களுக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

அவள் அடுக்களைக்குப் போனதும் அத்தான் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “எலி சொகமா இருக்கா, மாப்ள?”

என் முன்பல்லைத்தான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு போகும்போதெல்லாம் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து அதையே கேட்பார். நானும் பல்லைக் காட்டி, சுகம் அத்தான் என்பேன்.

அக்கா பை கட்டி வைத்தாள். இரண்டு வேட்டி, துண்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். துபாயில் இருந்த மகன் புறப்பட்டு வரவா என்று கேட்டான். அவனுக்கு ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். அந்த வைத்தியத்துக்கு அப்பாவைக் கூப்பிடுவார்கள், அப்போது வந்து கூடவே நில் மக்கா என்றாள் அக்கா. படுக்கையில் இருந்தபடி வீடியோவில் அத்தானும் தலையாட்டினார். பக்கத்தில் நின்று நானும் ஆட்டினேன்.

ஒருநாள், நான் எழுதியதற்கு விஞ்ஞானிகளிடமிருந்து பதில் வந்தது. நாங்கள் எலிகளில் மட்டும்தான் செய்து பார்க்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதன்பிறகு அந்தப் பழைய செய்தியைத் திறந்து முதன்முறையாக அடிவரை வாசித்தேன். கடைசிப் பத்தியில் எலி உட்கார்ந்திருந்தது. மனிதருக்கு வர இன்னும் வருடங்கள் ஆகலாம் என்று அதன் வாலில் எழுதியிருந்தது.

கடையைப் பூட்டாமல்கூடக் கொட்டாரத்துக்கு ஓடினேன். அத்தானின் கண் மஞ்சளாகி, கால் வீங்கியிருந்தது. அக்கா புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, கடைசிப் பத்திக்கு வந்து சேர்ந்தாச்சா என்றார். முதல் நாளே முழுக்க வாசித்திருக்கிறார். மகனை உடனே கூப்பிட்டுவிடலாம் என்றேன்.

“அவன கூப்பிட்டா இவளுக்கு வெளங்கிரும். கட்டி வச்ச அந்தப் பைய நம்பியாக்கும் எந்திரிச்சு நடக்கா. நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா? கோமாளி வேலதானே, ஒனக்குப் புதுசா?”

புதிதில்லை. இன்னும் கூப்பிடவில்லையா என்று அக்கா கேட்கும்போதெல்லாம், விஞ்ஞானிகளுக்கு வாய்தா வாங்கினேன். குமிழி காய வைத்திருக்கிறார்கள், மழையில் காயவில்லை என்றுகூட ஒருமுறை சொன்னேன். அவள் சிரித்தாள். சரியாக நடிக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மகன் வந்து இறங்கியபோது அத்தான் ஒரு மண்கலயத்துக்குள் இருந்தார். ஏன் முன்னாலேயே கூப்பிடவில்லை என்று தாயிடம் ஒரே ஒரு முறை கேட்டான். அவள் அவன் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். கையில் இருந்த காப்பித் தம்ளரை நான் பார்த்தேன். லீவு தீர்ந்து போனவன் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

இப்போது நான் எதையும் அடிவரை வாசிக்கிறேன். மாத்திரைப் பட்டையையும், பேருந்து டிக்கெட்டின் பின்பக்கத்தையும்கூட. போன மாதம் அதே ஒலி வைத்தியத்தைப் பற்றி இன்னொரு செய்தி வந்தது. எலியைத் தாண்டிப் பெரிய மிருகங்களுக்குப் போயிருக்கிறார்களாம். அதை முழுக்க வாசித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சக்கையில் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அது அன்றைக்கு வெறும் எலி வைத்தியம்தான் என்பதை, அத்தானுக்கு முதலிலேயே தெரியும் என்பதை, நீ உடைந்துபோவாய் என்றுதான் மகனைக் கூப்பிட விடாமல் என் வாயை அடைத்தார் என்பதை.

அவள் சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுத்தாள். தலை நிமிரவில்லை.

“அன்னைக்கு நீ எனக்கும்தானே அனுப்புன. எனக்கும் வாசிக்கத் தெரியும்லே.”