தொட்டிக்குத் தோசைமா கொடுத்த விக்னேஸ்வரி

மெல்பேர்னின் தென்கிழக்கு ஓரத்தில், கிரான்பேர்ணைத் தாண்டி, மரக்கறித் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு கரவன் பூங்கா இருக்கிறது. முன்வரிசையில் விடுமுறைக்கு வருகிறவர்களின் வெள்ளைக் கரவன்கள், சக்கரம் வைத்த வண்டிவீடுகள், நிற்கும். பின்வரிசையில் நிற்பவற்றுக்கும் சக்கரம் உண்டு, ஆனால் அவை எங்கும் போவதில்லை. அவற்றுக்குள் குடித்தனம் நடக்கிறது. செலரியும் லீக்சும் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைகளில் வேலை செய்கிற தமிழ்ச் சனம், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் சில வெள்ளைக்காரக் கிழவர்கள், உரக்கப் பாடுகிற ஒரு சமோவாக் குடும்பம். நகரத்துக் குழாய்த் தண்ணீர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. கூரையில் விழுகிற மழையைத் தாங்கியில் பிடித்துக் குடித்தார்கள். மழை ஏமாற்றினால் லொறியில் தண்ணீர் வந்தது. கழிவுக் குழாயும் கிடையாது. பின்வரிசைக்கென்று ஒரே ஒரு கழிப்பறைக் கட்டடம், அதன் கழிவைத் தாங்கப் புல்லுக்கு அடியில் ஒரு செப்டிக் தொட்டி.

அந்தக் கட்டடத்தின் அதிபதி விக்னேஸ்வரி.

அவளை யாரும் நியமிக்கவில்லை. வந்து சேர்ந்த முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அன்று தொடங்கியது ஆட்சி. வவுனியா முகாமின் தகரக் கூண்டுகள், கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமின் நீளக் கொட்டகை, டாண்டினோங்கில் பலர் பங்கு போட்ட வீடு என்று பல இடத்துக் கழிப்பறைகளை ஆராய்ந்து தேர்ந்தவள் அவள். ஒரு நாட்டை எடைபோட அதன் பாராளுமன்றத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கக்கூசைப் பார்த்தால் போதும் என்பது அவளுடைய கட்சி. பூங்காவின் உரிமையாளர் கொலின், ஒரு பெண் தானாக வந்து தன் வேலையைச் செய்வதைக் கண்டு மகிழ்ந்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

அவளுடைய ஆயுதம் பிளீச். தோட்ட வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வருவதற்கு முன் ஒரு வாளி, வேலை முடிந்து வந்ததும் ஒரு வாளி. வெள்ளி, செவ்வாயில் விசேஷமாக இன்னும் ஒன்று. காலையில் அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் பின்வரிசையில் ஏதோ துக்கம் நடந்துவிட்டதென்று நினைத்ததுண்டு. பிள்ளைகள் அவளுக்கு ‘பிளீச் அன்ரி’ என்று பெயர் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டாள்.

ஆனாலும் நாற்றம் அடித்தது. கட்டடத்துக்குள் இல்லை, வெளியே. வேலிக்கு அப்பால் புதிதாக எழும்பிய செங்கல் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று நகரசபைக்கு முறைப்பாடு செய்தார்கள். நகரசபை மயூராவை அனுப்பியது.

மயூரா சுகாதார அதிகாரி. மலேசியாவில் இருந்து வந்த தாய்தகப்பனுக்குக் கிளென் வேவர்லியில் பிறந்து வளர்ந்தவள். இறப்பர் பூட்சோடு இறங்கியவளின் சட்டையில் பெயரைப் பார்த்ததும் விக்னேஸ்வரியின் முகம் மலர்ந்தது.

“தமிழ்ப் பிள்ளையே! வாங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்.”

“ஸாரி ஆன்டி, டியூட்டில இருக்கேன். ஒண்ணும் வாங்கக் கூடாது.”

“தேத்தண்ணியோ லஞ்சம்? அப்ப சீனி போடாமல் தாறன்.”

மயூரா சிரித்தாள், குடிக்கவில்லை. புல்லை மிதித்து, மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பி, மீண்டும் மூடினாள். தொட்டி வேலை செய்யவில்லை. கழிவை எடுத்துச் சரியாக்குங்கள். பொங்கல் கழிந்ததும் வந்து பார்ப்பேன். அப்போதும் இப்படியே இருந்தால் கட்டடத்தைப் பூட்ட வேண்டி வரும் என்று கொலினிடம் சொன்னாள்.

அவள் கார் போனதும் கொலின் தோளைக் குலுக்கினார். “தே ஷட் த டோய்லெட்ஸ், ஐ ஷட் த பேக் ரோ.” கழிப்பறை இல்லாமல் பின்வரிசையை நடத்த அவரால் முடியாதாம். அவர் முகத்தில் பெரிய கவலை ஒன்றும் தெரியவில்லை. செங்கல் வீடு கட்டுகிறவர்கள் அவருடைய நிலத்தின் மீதும் கண் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

பின்வரிசைக்குத்தான் கலக்கம். வாடகை வீட்டு முகவர்கள் விசாவைப் பார்ப்பார்கள். விக்னேஸ்வரியின் விசா எப்போது முடியும் என்று அதைக் கொடுத்தவர்களுக்கே நிச்சயமில்லை. கணவர் இல்லை, மகன் பாரிசில். இந்தக் கரவனை விட்டால் சாமான்களை வைக்க அவளுக்கு இன்னொரு தரை கிடையாது.

கழிவை உறிஞ்ச வந்தவர் சிறி. கலியாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘லிக்விட் டிரான்ஸ்போர்ட்’ என்று சொல்லி, மேற்கொண்டு கேள்வி வருமுன் பந்திக்குப் போய்விடுகிறவர். மூடியைத் திறந்து நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற விக்னேஸ்வரியிடம் திரும்பினார்.

“அக்கா, உள்ளுக்கை ஒரு சீவனும் இல்லை.”

“என்ன சீவன்? எலியே?”

“எலி இல்லை, கிருமி. நல்ல கிருமி. அதுகள் கோடிக்கணக்கிலை உள்ளுக்கை இருந்து எல்லாத்தையும் திண்டு கரைச்சால்தான் தொட்டி வேலை செய்யும். இஞ்சை ஆரோ அவ்வளவத்தையும் கொண்டுபோட்டினம்.”

பக்கத்துக் கரவன் பவளம், விக்னேஸ்வரியோடு ஒரே கொட்டகையில் லீக்ஸ் கழுவுகிறவள், திரும்பி அவள் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள்.

“ஆரோ எண்டு ஏன் இழுக்கிறியள் சிறி? கொலைகாரி கையும் வாளியுமாய் நிக்கிறா.”

விக்னேஸ்வரி வாளியைக் கீழே வைத்தாள். எறும்புக்கு அரிசிமா போட்டுக் கோலம் போடுகிறவள், கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறாள். அதுவும் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு. “இனிப் பிளீச்சைத் தொடாதேங்கோ. புதுசா வந்து குடியேறும், கொஞ்சம் பொறுங்கோ” என்று சிறி சொல்லிவிட்டுப் போனது மட்டும் காதில் நின்றது.

குடியேறும். அந்தச் சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கினால் முதல் கிழமை அவர்களை அடுப்பு மூட்ட விடுவதில்லை. ஒரு வீட்டில் இருந்து சோறு, இன்னொரு வீட்டில் இருந்து கறி, முறை வைத்துப் போகும். அவள் வந்தபோதும் அப்படித்தான் போனது. தொட்டிக்குள் வருகிறவர்களும் வெறுங்கையோடுதானே வருவார்கள்?

பிளீச்சைப் பூட்டி வைத்துவிட்டு வினாகிரியாலும் தூரிகையாலும் கழுவத் தொடங்கினாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். முதலில் தொட்டிக்குள் ஓர் அகப்பைத் தயிர் ஊற்றினாள். மறுநாள் பழஞ்சோறு. கிளேட்டன் தமிழ்க் கடையில் இருந்து உழுந்து வாங்கி வந்தவள், தனக்கு அரைத்ததில் பாதியைப் பொங்கப் புளிக்கவைத்துத் தொட்டிக்கு எடுத்துப் போனாள். பவளம் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“எடியேய் விக்னேஸ், கக்கூசுக்குத் தோசைமாவோ?”

“மாவைப் பொங்க வைக்கிறதும் கிருமிதானே. சொந்தக்காரர் வந்தால் அதுகளுக்கும் ஒரு துணை.”

“எனக்கு உடம்பு சுகமில்லாமல் கிடக்கேக்கை ஒரு தோசை தந்தனியோ?”

“நீ செத்துப் பிழைச்சனியோ?”

இரண்டு நாள் கழித்துப் பவளமே மிச்ச இடியப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். செய்தி பரவியது. சமோவாக் குடும்பம் ஒரு சட்டி தாரோக் கிழங்கு அனுப்பியது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பாதிப் போத்தல் பியரை மரியாதையோடு ஊற்றினார். நாற்றம் மாறிக்கொண்டு வந்தது. காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் கழிவு, ஒரு பக்கம் பலகாரக் கடை. பிழைத்துவிட்டார்கள் என்று விக்னேஸ்வரி பூரித்தாள்.

பொங்கலுக்கு அடுத்த கிழமை மயூரா வந்தாள். உடம்பில் எண்ணெய் வடிகிற வெயில். பின்வரிசை முழுவதும் வேலைக்குப் போகாமல் தொட்டியைச் சுற்றி நின்றது. கொலின் கைகட்டி நின்றார். தேவைப்பட்டால் உறிஞ்சுவதற்குச் சிறியும் லொறியைத் தெருவில் நிறுத்திக் காத்திருந்தார்.

மயூரா மூடியை நெம்பினாள். மூடி தானாகவே கொஞ்சம் எழும்பியது. பிறகு அதன் ஓரமெல்லாம் வெள்ளையாக நுரை பிதுங்கி, புஸ் என்ற சத்தத்தோடு மேலே வந்து, புல்லில் வழிந்து, அவளுடைய பூட்சைச் சுற்றி மெத்தை போட்டது. மயூரா பின்வாங்கவில்லை. மூக்கைச் சுளித்தாள். அப்புறம் அவள் புருவம் உயர்ந்தது.

“ஆன்டி… இது இட்லி மாவா?”

“இட்லி இல்லைப் பிள்ளை. தோசை.”

“தோசை மாவ யாரு இதுக்குள்ள போட்டது?”

“விக்னேஸ், வாயை மூடு” என்று பவளம் கிசுகிசுத்தது அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்டது.

விக்னேஸ்வரிக்கு மூடுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. “நான்தான். முந்தி பிளீச் ஊத்திச் சாக்கொண்டுபோட்டன். இப்ப சாப்பாடு குடுத்து எழுப்பினனான். எப்படிப் பொங்குது பாருங்கோ. அவ்வளவு உயிர்!”

மயூரா நெற்றியைத் தடவினாள். “ஆன்டி, அதுங்களுக்கு நீங்க எல்லாரும் டெய்லி போடுற சாப்பாடே போதும். வேற எதுவும் வேணாம். இது ஓவர்லோட்.”

கொலின் காத்திருந்தது அதற்குத்தான். குடியிருப்பவர்களே தொட்டியை நாசமாக்கிவிட்டார்கள், தன் கண் முன்னாலேயே ஒப்புக்கொண்டும் விட்டார்கள், இனித் தான் என்ன செய்ய முடியும் என்று உற்சாகமாகப் பேசினார். ‘மிஸ்யூஸ்’ என்ற சொல்லை அடிக்கடி சொன்னார். விக்னேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. தான் பசியாற்றவில்லை, பின்வரிசையின் கூரையைப் பிரித்திருக்கிறாள். காலடியில் நுரை சின்னச் சின்னக் குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் வேலிக்கு அப்பால், தெருவில் இருந்து சிறியின் குரல் வந்தது.

“அக்கா! உங்கட தோசைமா றோட்டுக்கு வந்திட்டுது!”

எல்லோரும் ஓடினார்கள். செங்கல் வீடுகளுக்கு முன்னால் போகும் மழைநீர் ஓடும் கானுக்குள், நீளமாக வளர்ந்த புல்லை விலக்கிக்கொண்டு ஒரு குழாயின் வாய். அதில் இருந்து வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி, கான் வழியே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. இடையில் ஒரு துண்டு இடியப்பமும் மிதந்தது.

“இது என்ரை” என்றாள் பவளம்.

மயூரா படம் எடுத்தாள். தொட்டியில் தெளிகிற தண்ணீர் பின்பக்க மேய்ச்சல் நிலத்துக்கு அடியில் புதைத்த குழாய்களுக்குள் போய் மண்ணில் சுவற வேண்டும். கொலின் நகரசபையில் கொடுத்திருந்த வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. நேராகக் கானுக்கு வந்துகொண்டிருந்தது. தண்ணீர் போல ஒழுகியபோது புல் மறைத்தது. தோசைமாவை எதுவும் மறைக்கவில்லை.

“மை ஓல்ட் மேன் டிட் தற்” என்றார் கொலின். செத்துப்போன தகப்பன்மேல் போட்டுவிட்டு அவர் வியர்வையைத் துடைத்தார்.

இப்போது உரிமையாளர் நீங்கள்தானே என்று மயூரா ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள். நாற்றத்துக்குக் காரணம் பாவிக்கிறவர்கள் இல்லை, அந்தக் குழாய். பின்வரிசையைப் பூட்டினாலும் அது சரியாகாது. திருத்தி முடிக்காவிட்டால் பூங்காவின் அனுமதியே புதுப்பிக்கப்படாது, முன்வரிசையும் சேர்த்துத்தான். முன்வரிசை என்றதும் கொலினின் முகத்தில் முதல் தடவையாகக் கவலை வந்தது.

“அப்ப எங்களை எழுப்பேலாதோ?” என்று விக்னேஸ்வரி கேட்டாள்.

“இதைக் காரணமாச் சொல்லி முடியாது ஆன்டி. ஆனா தயவு செஞ்சு இனிமே ஒண்ணும் சமைச்சுப் போடாதீங்க.”

செங்கல் வீடுகளுக்காக நகரத்தின் கழிவுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் அந்தத் தெருவரைக்கும் ஏற்கெனவே வந்திருந்தன. புதுத் தொட்டி புதைப்பதைவிட அவற்றோடு தொடுப்பதே மலிவென்று கொலின் கணக்குப் பார்த்தார். வேலை முடியும் வரை நீலப் பெட்டிக் கழிப்பறைகள் வந்து நின்றன. அவற்றை விக்னேஸ்வரி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, வவுனியாவுக்கு ஒரு படி மேல், கிறிஸ்மஸ் தீவுக்கு ஒரு படி கீழ் என்று தீர்ப்புச் சொன்னாள். குளிர்காலம் முழுக்க மண்ணைக் கிண்டினார்கள். பின்வரிசை சேற்றில் நடந்து, வேலையாட்களுக்கு மேற்பார்வை பார்த்தது.

வசந்தத்தில் புதுக் கட்டடம் தயாரானது. குழாயைத் திறந்தால் தண்ணீர். அது தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்று தட்டிப் பார்க்கத் தேவையில்லாத தண்ணீர். மயூராவும் கடைசிப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். கொலின் ஒரு சிவப்பு நாடா கட்டி, கத்தரிக்கோலை விக்னேஸ்வரியிடம் நீட்டினார். அவள் நாடாவைக் குனிந்து கடந்து, முதல் கதவைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு காத்திருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பவளம் போய்க் கதவைத் தட்டினாள்.

“எடியேய், உள்ளுக்கை என்ன செய்யிறாய்? ஆக்கள் நிக்கினம்!”

“நிக்கட்டும்” என்று உள்ளே இருந்து பதில் வந்தது. “நான் இருக்கிறன்.”

தண்ணீர் இறைந்து ஓடும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவையும் கேட்டது.