காதுவில்லை இல்லாத மாடு

“வயசு பத்துக்குள்ள இருக்கு. காதுல வில்லை இருக்கு. அப்ப சரி” என்று வாய்க்குள் முனகியபடியே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள் சாபிரா. பழனிசெட்டிபட்டியில், மாடியில் இயங்கும் கணினி அலுவலகம். மாட்டுக் காப்பீட்டுக்கு நிபந்தனைகள் எழுதுவது அவள் வேலை. கணினிக்குள் ஒவ்வொரு மாடும் ஒரு பொருள். வயது, கொம்பு, நெற்றிச்சுட்டி, காதில் குத்திய வில்லையின் எண் எல்லாம் அதன் பண்புகள். மாடு செத்து மனு வந்தால், அவள் எழுதிய நிபந்தனைகளோடு ஒப்பிட்டு இழப்பீடு உண்டா இல்லையா என்று கணினியே சொல்லிவிடும்.

நாற்பது வயது. உம்மா மௌத்தானதிலிருந்து தனி வீடு, தம்பி துபாயில். விடுமுறை நாளிலும் அலுவலகம் வந்துவிடுவாள். கேட்டால், “வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்” என்பாள். அதற்குமேல் பேச்சு வளராது.

2008 ஐப்பசியில், கோம்பையிலிருந்து மொக்கம்மாள் என்ற பெண் படியேறி வந்தாள். அவளுடைய மாடு பாம்பு கடித்துச் செத்திருந்தது. முன்பே வேலிக்கம்பியில் காது கிழிந்து வில்லை தொலைந்துபோனதால் கணினி மனுவைத் தள்ளிவிட்டது.

“டாக்டரு பாத்து எழுதிக் குடுத்தாக. நெத்தியில வெள்ளைச் சுட்டி, ஊருக்கே தெரியும். இல்லைன்னது யாரு ஆத்தா?”

“சிஸ்டம்” என்றார் மேலாளர்.

சாபிரா எழுந்து நின்றாள். “சிஸ்டம் இல்லம்மா. நாந்தான் எழுதுனேன்.”

மொக்கம்மாள் ஏசவில்லை. “ஒத்தையில கெடக்கேன். அது ஒண்ணுதான் வாசல்ல நின்னுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றே சாபிரா புது நிபந்தனை எழுதினாள்: வில்லை இல்லாவிட்டாலும் சுட்டி, கொம்பு, மருத்துவர் சான்று பொருந்தினால் தள்ளாதே, ஆளனுப்பி விசாரி. காப்பீட்டு நிறுவனத்தின் சென்னைத் தலைமையகம் அதைத் திருப்பி அனுப்பியது. யாரிடமும் அதிர்ந்து பேசாதவள் தொலைபேசியில் சண்டை போட்டாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், இனி சாகும் மாடுகளுக்கு மட்டும்.

அதைச் சொல்ல அவளே கோம்பைக்குப் போனாள்.

“இனிமே மத்தவுகளுக்குக் கெடைக்கும்மா. உங்களுக்கு வாங்கித்தர முடியல.”

மொக்கம்மாள் வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த? ஒனக்கு யாரு இருக்காக?” என்றாள்.

சாபிரா, மொக்கம்மாள் கொண்டுவந்து வைத்திருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

பொழுது சாய்கையில் இருவரும் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தேனி பஸ் வளைவில் திரும்பியது.

“கையைக் காட்டு ஆத்தா, இல்லாட்டி நிறுத்தமாட்டான்.”

சாபிரா இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.