இடப்பக்கம் விட்ட இடம்

சகாதேவனுக்குச் சுருக்கமாக எழுத வராது. தாலுகா ஆபீஸ் வாசல் புங்க மரத்தடியில் அவன் மனு எழுதினான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் முத்திரைத்தாள் விற்றேன். பதினாறு வருஷம் அவனுடைய வாயையும் பேனாவையும் சகித்துக்கொண்டவன் என்கிற தகுதியில் இதைச் சொல்கிறேன். பசு மாடு காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மனு கேட்டால், மாடு வாங்கின சந்தை, வாங்கிக்கொடுத்த மாமனார், மாமனாருக்கு அந்த வருஷம் வந்த காய்ச்சல் எல்லாம் வந்து, மூன்றாம் பக்கத்தில்தான் மாடு காணாமல் போகும். ‘மேற்படி’ போடாமல் அவனுக்கு ஒரு வாக்கியம் நகராது.

ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காகிதத்தை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் நாலு விரல் அகலம் காலியாக விட்டுவிட்டுத்தான் தொடங்குவான். அது அதிகாரி உத்தரவு எழுதுகிற இடம். அந்த இடத்தைப் பற்றி அவனுக்கு ஒரு மனக்குறை உண்டு. மனுவுக்குப் பதில் வந்தால் மனு கொடுத்தவன் வீட்டுக்குப் போகும். காரியம் நடந்தவன் திரும்பி வந்து சொல்லமாட்டான். நடக்காதவன் மட்டும் மறக்காமல் வந்து திட்டுவான். “இத்தினி எழுதறேன், ஒண்ணுக்காவது இடப்பக்கத்துல இன்னா எழுதினாங்கன்னு நான் பார்த்ததில்ல, பலராமா” என்பான்.

சினிமாவை அவன் பார்க்கிற விதமே வேறு. ஒரே படத்துக்கு இரண்டு முறை போவான். முதல் தடவை அழுதுவிட்டு வருவான். இரண்டாம் தடவை, தன்னை எந்த இடத்தில், எப்படி அழவைத்தார்கள் என்று கண்டுபிடிக்கப் போவான். கண்டுபிடிக்க முடியாமல் வந்து என் உயிரை எடுப்பான்.

எழுபத்தேழில் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டத்தைப் படம் பிடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு யூனிட் வந்தது. தீபம் முடிந்தும் அவர்கள் போகவில்லை. சன்னதித் தெரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்துக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் தசரதன், பதினோரு படம் எடுத்தவர். கேமராமேன் சின்னசாமி, அவரைவிட அனுபவஸ்தர், பேச்சு மட்டும் கம்மி. சீன் பேப்பரை நல்ல கையெழுத்தில் நாலு பிரதி எடுக்க ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். லாட்ஜ்காரர் சகாதேவனைக் காட்டிவிட்டார். நாற்பத்திரண்டு வயசில் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன் மாதிரி ஓடினான்.

சீன் பேப்பரில் பக்கத்துக்கு நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. வலப்பக்கம் காதுக்குக் கேட்கிறது. இந்த ஒரு கோட்டைப் பற்றி அவன் என்னிடம் இரண்டு நாள் பேசினான். தசரதனைக் கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறான் போலிருக்கிறது. ‘அவள் ஏழை’ என்று ஏன் எழுதக்கூடாது என்று கேட்டானாம். எழுதலாம், ஆனால் ஏழையை எந்தக் கடையில் வாங்கிவந்து கேமரா முன்னால் வைப்பது என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அன்றிலிருந்து மனு கொடுக்க வருகிறவர்களைப் பெயர் கேட்பதற்கு முன்னால் மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்தான். “அந்தம்மாவப் பாரு, செருப்பக் கையில புடிச்சிக்கினு வருது. புதுச் செருப்பு” என்பான். எனக்கென்ன, அவள் முத்திரைத்தாள் வாங்கினால் சரி.

தானும் ஒரு சீன் எழுதி அவரிடம் கொடுத்தான். மொத்தம் பன்னிரண்டு பக்கம். தசரதன் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “எல்லாம் வலப்பக்கமே இருக்குதுங்களே. இடப்பக்கம் ஏன் ஒண்ணும் எழுதலை?”

“அது நீங்க எழுதறதுக்கு விட்ட இடம் சார்” என்றிருக்கிறான் இவன்.

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார். இடப்பக்கமே முழு வேலையும் செய்கிற மாதிரி ஒரே ஒரு சீன் எழுதிக் காட்டட்டும், அது படத்தில் நின்றால் தன் கதை இலாகாவில் அவனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். சகாதேவன் அன்று என்னிடம் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். பதினாறு வருஷத்தில் அவன் பேசாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வாரம் ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டில் படப்பிடிப்பு. நானும் போனேன். கதை இதுதான்: கதாநாயகி கைக்குழந்தையை விட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். கடைசியாக ஒருமுறை மலையைச் சுற்றிவிட்டுப் போகலாமென்று நடக்கிறாள். பாதி வழியில் மனம் மாறித் திரும்புகிறாள். அந்த மனமாற்றத்துக்கு மூன்று பக்க வசனம் இருந்தது.

சின்னசாமி மலை பின்னால் தெரிகிற மாதிரி கேமராவை வைத்தார். கதாநாயகியைத் திரைக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக நடக்கச் சொன்னார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி நடந்தால் மலை அவளுக்கு இடக்கைப் பக்கம் வரும். கிரிவலத்தில் இந்த ஊர்க் குழந்தைகூட அப்படி நடக்காது. சகாதேவன் போய்ச் சொன்னான். சின்னசாமி பொறுமையாக விளக்கினார்: மெட்ராஸில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற காட்சியை இடமிருந்து வலமாக எடுத்தாகிவிட்டது. இங்கே வலமிருந்து இடமாக நடந்தால், பார்க்கிறவனுக்கு வீட்டுக்குத் திரும்பிப் போகிற மாதிரி தெரியும். மலை எந்தப் பக்கம் இருக்கிறதென்று தியேட்டரில் யார் பார்க்கப்போகிறார்கள்?

கேமரா ஓடியது. கதாநாயகி நடந்தாள். ரோட்டோரம் வேர்க்கடலை விற்கிற பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கூடையை வைத்துவிட்டு நேரே போனாள், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள், அப்படியே திருப்பி நிறுத்தினாள். “மலைய வலக்கைப் பக்கம் வச்சிக்கினு நடம்மா” என்றாள்.

எல்லோரும் கத்தினார்கள். பச்சையம்மாளை இழுத்துவந்தார்கள். சகாதேவன் மட்டும் கத்தவில்லை. திருப்பிவிடப்பட்ட இடத்திலேயே நின்ற கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இப்போது வலமிருந்து இடமாகத் திரும்பி நின்றாள். சின்னசாமி சொன்ன கணக்குப்படி, அவள் முகம் வீட்டுப் பக்கம் இருந்தது.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டான். ஒரே பக்கம். இடப்பக்கம்: அவள் எதிர்த்திசையில் நடக்கிறாள், அது அவளுக்கே தெரியவில்லை; கடலை விற்கிறவள் கையைப் பிடித்துத் திருப்புகிறாள்; அவள் மலையைப் பார்க்கிறாள், நடக்கிறாள், நடை வேகமாகிறது. வலப்பக்கம் பச்சையம்மாள் சொன்ன அந்த ஒரு வரி. தசரதன் படித்துவிட்டுக் காகிதத்தைச் சின்னசாமியிடம் கொடுத்தார். சின்னசாமி படித்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பச்சையம்மாளையே நடிக்க வைத்தார்கள். இருந்தாலும் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று அந்த மூன்று பக்க வசனத்தையும் தனியாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போனார்கள்.

நாலு மாசம் கழித்துத் தசரதனிடமிருந்து கடிதம் வந்தது. மெட்ராஸில் படத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த சீன் புரியவில்லை. கடலைக்காரி ஏன் குறுக்கே வந்து கையைப் பிடிக்கிறாள் என்று கேட்கிறார்கள். அவள் முதுகு மட்டும் தெரிகிற இடத்தில், வாயசைவு தெரியாதென்பதால், நாலு வரி விளக்கம் பேசவைத்துவிடலாம். எழுதி அனுப்புங்கள், பின்னாலேயே நீங்களும் புறப்பட்டு வாருங்கள். இல்லாவிட்டால் சீனை எடுத்துவிட்டு, அந்த மூன்று பக்க வசனத்தைப் போட்டுவிடுவார்கள்.

நாலு வரி! காணாமல் போன மாட்டுக்கு மூன்று பக்கம் எழுதுகிறவனுக்கு நாலு வரி ஒரு பெரிய விஷயமா? எழுதிப்போட்டுவிட்டு பஸ் ஏறு என்றேன். அவன் மனைவி தனம் டிரங்குப் பெட்டியே வாங்கிவிட்டாள். இவனும் எழுதினான், எழுதி எழுதி எனக்குப் படித்துக் காட்டினான். ‘பெண்ணே, இத்தலத்தில் மலையை வலம்வருவோர் மேற்படி மலையை’ என்று ஒன்று தொடங்கியது. நான் சிரித்துவிட்டேன். அவனும் கிழித்துப் போட்டான்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டது. குமாஸ்தாக்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே ஒரு கிராமத்து ஆள், கையில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி, இடிபட்டுக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான்.

சகாதேவன் என் முழங்கையைப் பிடித்தான். “அந்தாளு லேட்டா வந்துட்டான்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?”

தீபத்தன்று கூட்டத்தின் கால்களைச் சின்னசாமி எடுத்து வைத்திருந்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அதுவரை எடுத்த காட்சிகளின் பட்டியலையும் நாலு பிரதி எடுத்தவன் அவன்தானே. எழுதினான். இடப்பக்கம்: ‘தீபக் கூட்டத்தின் கால்கள், நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கம் போகின்றன. அடுத்து, எதிர்ப்பக்கமாக நடக்கும் இரண்டு கால்கள். மறுபடி கூட்டம். மறுபடி அந்த இரண்டு கால்கள். அதற்குப் பிறகு அவள் முகம்.’ வலப்பக்கம் ஒன்றுமில்லை.

அவர் கேட்டது வசனம், நீ அனுப்புவது இதுவா என்று நான் சண்டை போட்டேன். உண்மையிலேயே கோபம் வந்தது. மெட்ராஸ் வாசல்வரை வந்து நிற்கும்போது இப்படி ஒருவன் செய்வானா? அவன் கவரை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டான்.

பதில் வரவில்லை. அடுத்த மாசமும் இல்லை, அதற்கடுத்த மாசமும் இல்லை. தயாரிப்பாளரோடு மனஸ்தாபமாகித் தசரதன் சினிமாவே வேண்டாமென்று பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார் என்று லாட்ஜ்காரர் சொன்னார். கதை இலாகாவும் இல்லை, மெட்ராஸும் இல்லை. தனம் டிரங்குப் பெட்டியில் அரிசியைக் கொட்டி வைத்தாள். சகாதேவன் மறுபடி மேற்படி, மேற்படி என்று எழுத ஆரம்பித்தான். சினிமாவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எழுபத்தொன்பது தை மாசம் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது. வரமாட்டேன் என்றவனை மதியக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் முன் வரிசையில் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவரும் கிளீனரும், லோடு இறக்கிவிட்டு வந்தவர்கள், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பினாள். சகாதேவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திரை முழுக்கக் கால்கள். தீபக் கூட்டத்தின் கால்கள், எல்லாம் ஒரே பக்கம். அடுத்து, எதிரே நடக்கிற இரண்டு கால்கள்.

மலை சுற்றத் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்கள் கத்துவார்கள் என்று எனக்குத் தெரியும், கத்தினார்கள். அவன் நிமிரவில்லை. அப்போது முன் வரிசையில் கிளீனர் பையன் டிரைவரைத் தட்டினான். “அண்ணா, ஊரே அந்தப் பக்கம் போகுது, இந்தப் புள்ள மட்டும் எதுக்கால போகுதுங்கண்ணா” என்றான். டிரைவர், “புத்தி இங்க இல்லடா அதுக்கு. யாராவது புடிச்சுத் திருப்புனா பரவால்ல” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பச்சையம்மாள் வந்து கையைப் பிடித்தாள்.

சகாதேவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது, துடைக்கவில்லை. என் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: “இடப்பக்கத்துல உத்தரவு எழுதிட்டாங்க, பலராமா.”